வெயிலைச் சேமித்து வைக்க முடியுமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோலார் வெந்நீர் என்று பேச்செடுத்தால் குமரி மாவட்டத்தில் இரண்டு வகைக் கேள்விகள் வரும். ஐரோப்பாவில் நர்ஸ் வேலை பார்க்கும் சொந்தக்காரர் போனில் சொன்னதை வைத்துக் கேட்பது ஒன்று. லாட்ஜ், விடுதி, ரப்பர் தோட்டம் நடத்துகிறவர்களின் கைக்கணக்குக் கேள்வி இன்னொன்று. இரண்டையும் கேட்டவர்கள் வாய்ச்சொல்லிலேயே தொகுத்திருக்கிறோம். கணக்கில் வரும் ‘யூனிட்’ எல்லாம் கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். சூட்டையும் அதிலேயே அளக்கலாம்.

1. கோடை வெயிலைச் சேத்து வச்சு பனிக்காலத்துல வீட்டைச் சூடாக்குறாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?

உண்மைதான். டென்மார்க்கின் ஏரோ தீவில் மார்ஸ்டல் என்றொரு சிற்றூர். அங்கே 33,000 சதுர மீட்டருக்கும் மேல் சோலார் கலெக்டர்கள் (வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் பலகைகள்) தரையில் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் 75,000 கன மீட்டர் தண்ணீர் பிடிக்கும் மூடிய குழி. கோடையில் குழித் தண்ணீர் 80 டிகிரி வரை ஏறும், குளிர்காலத்தில் அதை எடுத்து ஊருக்கு விடுவார்கள். அதே நாட்டில் வோயன்ஸ் என்ற ஊரின் குழி 2 லட்சம் கன மீட்டர்.

வீட்டுக்கு வீடு ஹீட்டர் கிடையாது. தெருவுக்கு அடியில் போகும் இன்சுலேஷன் போட்ட குழாயில் வெந்நீர் வந்து, வீட்டுக்குள் சூட்டை விட்டுவிட்டு ஆறிய தண்ணீராகத் திரும்பும். முழுக்க வெயிலை மட்டும் நம்பியும் இல்லை. மார்ஸ்டலில் மரச்சில்லு பாய்லரும் ஹீட் பம்ப்பும் (காற்றிலோ நீரிலோ இருக்கும் சூட்டைக் கரண்டால் இழுத்து ஏற்றும் கருவி) துணைக்கு உண்டு.

2. பூமிக்குள்ள சூட்டை எப்பிடிப் போட்டு வைப்பாங்க? வெறும் குழிதானா?

குழி ஒரு வழி. தோண்டி, சரிவுக் கரை கட்டி, எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் விரித்து, தண்ணீர் நிரப்பி, மேலே மிதக்கும் இன்சுலேஷன் மூடி போடுவார்கள். டென்மார்க் குழிகளில் அதிகம் தொல்லை கொடுத்தது இந்த மூடிதான். மேலே மழைநீர் தேங்கும், இன்சுலேஷன் ஈரம் குடிக்கும், தினமும் 80 டிகிரி சூடு பட்டால் பிளாஸ்டிக்கின் ஆயுளும் குறையும்.

இன்னொரு வழி போர் போடுவது. கனடாவின் ஓக்கோடோக்ஸ் ஊரில் டிரேக் லேண்டிங் என்ற 52 வீட்டுக் குடியிருப்பு 2007-ல் இப்படித் தொடங்கியது. கராஜ் கூரைகளில் 800 கலெக்டர்கள், தரையில் 37 மீட்டர் ஆழத்தில் 144 துளைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் போய்த் திரும்பும் வளைகுழாய். சூடேற்றும்போது தண்ணீர் நடுத்துளையில் நுழைந்து ஓரத்துக்குப் போகும், சூடெடுக்கும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வரும். அதனால் நடுப்பகுதி எப்போதும் அதிகச் சூடாக இருக்கும், ஓரத்தில் கசிவது குறையும். மண்ணைச் சூடேற்றவே சில வருடம் பிடித்தது. ஐந்தாம் ஆண்டில்தான் வீட்டுச் சூட்டுத் தேவையில் 97 சதவீதம் வெயிலிலிருந்து கிடைத்தது.

3. ஆறு மாசம் சூடு போகாம இருக்குமா? எங்க வீட்டு டாங்குல ஒரு ராத்திரியே தாங்கலியே!

அளவில்தான் விஷயம் இருக்கிறது. 1,000 லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி ஏற 1.16 யூனிட் வேண்டும். நல்ல 10 சென்டிமீட்டர் பஃப் (PUF) நுரை இன்சுலேஷன் உள்ள 1,000 லிட்டர் டாங்கில் 80 டிகிரி தண்ணீரை அடைத்துவைத்தால், வெளியே 28 டிகிரி இருக்கும்போது, முதல் நாள் ஒன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் மேல் இறங்கும். ஒரு மாதத்தில் 47 டிகிரிக்கு வந்துவிடும். 75,000 கன மீட்டர் குழியில் ஒரு லிட்டருக்கு வரும் மேற்பரப்பு, இந்த டாங்கில் வருவதில் 42-ல் ஒரு பங்கு. சூடு போவது மேற்பரப்பு வழியாகத்தான் என்பதால், பெரிதாகக் கட்டினால் மாதக்கணக்கில் தாங்கும். சின்னதாகக் கட்டினால் எந்த இன்சுலேஷனும் காப்பாற்றாது.

உங்கள் டாங்க் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை என்றால் அது வேறு கோளாறு. டாங்கின் அடிப்பாகம் கலெக்டரின் மேல்விளிம்பைவிட ஓர் அடியாவது உயரமாக இல்லாவிட்டால், ராத்திரி வெந்நீர் பின்னோக்கி ஓடி கலெக்டர் வழியாக வானத்துக்குச் சூட்டை விட்டுவிடும். ராத்திரி பத்து மணிக்குக் கலெக்டரின் மேல்முனையை டாங்கோடு இணைக்கும் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இதுதான்.

4. நல்லா கட்டின வீடுன்னா சூடு கம்மியா போதும்னு சொல்றாங்க. எவ்வளவு கம்மி?

ஜெர்மனியின் பழைய, இன்சுலேஷன் இல்லாத வீட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 150 யூனிட்டுக்கு மேல் சூடு வேண்டியிருக்கும். அங்கே ‘பாஸிவ் ஹவுஸ்’ எனப்படும் வீட்டுக்கு வரம்பு 15 யூனிட். 100 சதுர மீட்டர் வீடு என்றால் 15,000 யூனிட்டுக்குப் பதில் 1,500.

சேமிப்பில் இது என்ன ஆகும் பாருங்கள். 80 டிகிரியிலிருந்து 40 வரை இறங்கும் ஒரு கன மீட்டர் தண்ணீர் 46 யூனிட் கொடுக்கும். நல்ல வீட்டுக்கு 32 கன மீட்டர் போதும், பழைய வீட்டுக்கு 320-க்கு மேல் வேண்டும். இன்னொரு லாபமும் உண்டு. நல்ல வீட்டில் தரைக்கு அடியில் ஓடும் 35 டிகிரி தண்ணீரே அறையைச் சூடாக்கிவிடும் என்பதால், சேமிப்பை இன்னும் கீழே வரை வடித்தெடுக்கலாம். வீட்டைச் சரிசெய்யாமல் குழியை மட்டும் தோண்டுவது வீண் செலவு.

5. அங்க விட இங்கதானே வெயில் கொட்டுது? நம்ம மாவட்டத்துல ஏன் இப்பிடி ஒண்ணு கட்டக்கூடாது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வெயில் கொட்டுகிறது என்பதே கட்ட வேண்டாம் என்பதற்குக் காரணம். சேமிப்பு எதற்கு? வெயில் ஒரு காலத்திலும் தேவை இன்னொரு காலத்திலும் வருவதற்கு. டிசம்பர் நடுப்பகலில் கோபன்ஹேகனில் சூரியன் அடிவானத்திலிருந்து 11 டிகிரிதான் எழும். கன்னியாகுமரியில் அதே நாள் 58 டிகிரி. அங்கே டிசம்பரில் கிடைக்கும் வெயில் ஜூனில் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இங்கே மோசமான மாதத்துக்கும் நல்ல மாதத்துக்கும் அப்படியொரு பள்ளம் கிடையாது. வீட்டைச் சூடாக்கும் தேவையோ மலை மேலுள்ள மாறாமலையில்கூட இல்லை.

நம்முடைய பள்ளம் மாதக்கணக்கில் வருவதில்லை, நாள்கணக்கில் வருகிறது. ஆனி ஆடிச் சாரலில் ஒரு வாரம் மூடும், ஐப்பசி கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்யும். தேவையிலும் ஒரு மேடு உண்டு. கார்த்திகை முதல் தேதியிலிருந்து சபரிமலைக்குப் போகிறவர்கள் கன்னியாகுமரி லாட்ஜ்களை நிரப்புகிறார்கள். விடியற்காலை நான்கு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் குளிப்பார்கள், அதே வாரத்தில் வடகிழக்குப் பருவமழையும் கொட்டும். இதற்கு இரண்டு நாள் சேமிப்பும் ஒரு துணை ஹீட்டரும் போதும். ஆறு மாதச் சேமிப்பு என்றால் ஆண்டுக்கு ஒரே ஒரு தடவை நிரம்பி வடியும் டாங்குக்குக் காசு கொட்டுவது. இரண்டு நாள் டாங்க் ஆண்டில் நூறு தடவைக்கு மேல் நிரம்பி வடியும், போட்ட காசு திரும்ப வரும்.

6. சூட்டுக்குப் பதிலா மார்கழிக் குளிரைச் சேமிச்சு சித்திரையில ஏசிக்குப் பதிலா விடலாமா?

சேமிக்கக் குளிர் இல்லை. மார்கழி ராத்திரியில் நாகர்கோவிலில் 22, 23 டிகிரி. ஆழக் கிணற்றுத் தண்ணீர் வருடம் முழுக்க 27, 28-ல் நிற்கும், மண்ணும் அப்படித்தான். பெரிய கட்டடங்களின் சென்ட்ரல் ஏசி தன் குழாயில் ஓட்டுவது 7 முதல் 12 டிகிரித் தண்ணீரை.

இங்கே குறைந்த மின்செலவு வீடு என்றால் மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு, மேற்குச் சுவருக்கு நிழல், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றுக்கு எதிரெதிர் ஜன்னல். இதைச் செய்துவிட்டு மீதிக்கு ஏசி போடுங்கள்.

7. அப்ப எங்க ஹாஸ்டலுக்கு எவ்வளவு கலெக்டர், எவ்வளவு டாங்க்? ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க.

நூறு பேர், ஆளுக்கு 30 லிட்டர், 40 டிகிரி. குழாய்த் தண்ணீர் 27 டிகிரி. 3,000 லிட்டரை 13 டிகிரி ஏற்ற 45 யூனிட். நம் பக்கம் ஒரு சதுர மீட்டரில் நாளுக்குச் சராசரி 5 யூனிட் வெயில், அதில் பாதி தண்ணீரில் சேரும் என்று வையுங்கள். 18 சதுர மீட்டர் வரும். குழாய் நஷ்டம், அழுக்கு, மூட்டம் சேர்த்து 24 போடுங்கள். ‘100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர்’ என்று கடைக்காரர் சொல்வதும் இதோடு ஒத்துப்போகும், ஏனென்றால் 60 டிகிரியில் உங்களுக்கு வேண்டியது 1,200 லிட்டர்தான். மீதி பச்சைத் தண்ணீர் கலப்பு.

இரண்டு நாளுக்கு டாங்க் 2,500 லிட்டர். இதை 500 லிட்டர் டாங்க் ஐந்தாக வாங்கி வைத்தால் மேற்பரப்பு கூடிவிடும் (3-ம் பதில்). ஒன்றாகவோ இரண்டாகவோ, படுக்கை டாங்காக இல்லாமல் நெட்டையாக வாங்குங்கள். நெட்டை டாங்கில் சூடு மேலேயும் குளிர் கீழேயும் பிரிந்து நிற்கும். பச்சைத் தண்ணீர் வரும் குழாய் அடியில், அதன் முன்னால் ஒரு தடுப்புத் தகடு. அது இல்லாவிட்டால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு உள்ளே போய்க் கலக்கி, 60 டிகிரியும் 27 டிகிரியும் சேர்ந்து, கடைசியில் குளிக்க வருகிறவர்களுக்கு ஆகாத வெதுவெதுப்பாகிவிடும். டாங்க் மேல்பாகம் 60-க்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் லெஜியோனெல்லா கிருமி வளரும் ஆபத்து உண்டு. துணை ஹீட்டரால் வாரம் ஒருமுறையாவது 60 டிகிரிக்கு ஏற்றுங்கள்.

8. எங்க தெருவுல அஞ்சு லாட்ஜ் இருக்கு. டென்மார்க் மாதிரி பொதுவா ஒரே டாங்க், குழாய் இழுத்தா லாபம்தானே?

குழாய் நீளத்தைப் பொறுத்தது. ஒரு அங்குலக் குழாய்க்கு ஒரு அங்குல இன்சுலேஷன் சுற்றி 60 டிகிரித் தண்ணீர் ஓட்டினால் மீட்டருக்கு 8 வாட் போகும். 100 மீட்டர் தெருவுக்குப் போக வர 200 மீட்டர். ராப்பகலாக ஓட்டினால் நாளுக்கு 38 யூனிட் மண்ணுக்குப் போய்விடும். மேலே சொன்ன ஹாஸ்டலின் முழுத் தேவையே 45-தான்.

சுவரோடு சுவர் ஒட்டிய கட்டடம் என்றால் சேருங்கள். பம்ப்பை அதிகாலை இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுங்கள். இடையில் தெருவும் காலிமனையும் இருந்தால் அவரவர் மாடியே நல்லது. சேர்க்கிறவர்கள் வீட்டுக்கு வீடு சூட்டு மீட்டர் வைக்காமல் ‘அஞ்சுல ஒண்ணு’ என்று பங்கு போட்டால் முதல் சீசனிலேயே சண்டை வரும்.

9. கடல் பக்கம் வச்சா ஒரு வருஷத்துல ஓட்டை விழுதே?

குளச்சல், முட்டம், மணக்குடிப் பக்கம் இரண்டு எதிரி. வெளியே உப்புக்காற்று, உள்ளே உப்புத்தண்ணீர். வெளிக்கு கால்வனைஸ் செய்த ஸ்டாண்டும் எஸ்.எஸ். 316 போல்ட்டும். சாதாரண 304 ஸ்டீல் டாங்கில் உப்பான போர்த் தண்ணீர் விட்டால் வெல்டிங் ஓரத்தில் ஊசித்துளை போலத் துருக்கும், உடம்பு புதிதாகவே இருக்கும். எனாமல் பூசிய டாங்கானால் உள்ளே இருக்கும் மெக்னீசியம் கம்பியை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மெக்னீசியம் கரைந்து நடுவிலுள்ள இரும்புக் கம்பி மட்டும் நின்றால் அடுத்து கரைவது டாங்க்தான்.

கடினத்தண்ணீரில் கலெக்டர் குழாய்க்குள் சுண்ணாம்பு படியும். இதற்கு நல்ல வழி, கலெக்டரில் மழைநீரோ சுத்திகரித்த நீரோ தனியாகச் சுற்றவிட்டு, உள்ளே சுருள் வைத்த டாங்க் மூலம் குளியல் தண்ணீருக்குச் சூட்டை மாற்றுவது. குளிர்நாடுகளில் அந்தச் சுற்றில் உறையாமலிருக்க கிளைகால் (glycol) என்ற திரவம் கலப்பார்கள். நமக்கு அது வேண்டாம்.

10. மழைக்காலத்துல பத்தல. பேனலைக் கூட்டிட்டா சரியாயிடுமா?

மழைநாளில் இரண்டு மடங்கு பேனலும் வெந்நீர் தராது, மாசி பங்குனியில் கொதித்து நீராவியாகும். வாக்குவம் குழாய் கலெக்டரில் தண்ணீர் நின்றுபோனால் 150 டிகிரியைத் தாண்டும். சி.பி.வி.சி. பிளாஸ்டிக் குழாய் இளகி வளைவது அப்படித்தான். கலெக்டரிலிருந்து முதல் மூன்று மீட்டராவது செம்போ ஸ்டீலோ போடுங்கள். நீராவி வெளியேறும் ஏர்வென்ட் குழாயை வால்வு வைத்து அடைக்காதீர்கள்.

முதலில் சாய்வைப் பாருங்கள். நாம் 8 டிகிரி வடக்கில் இருக்கிறோம். 8 டிகிரியில் படுக்கவைத்தால் ஆண்டு மொத்தம் நன்றாக வரும், ஆனால் தேவை கார்த்திகையிலிருந்து தை வரை. அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்கு பார்த்து 15 முதல் 20 டிகிரி வையுங்கள். மழையும் தூசியைக் கழுவிவிடும்.

அடுத்து துணை ஹீட்டர். அடியில் மாட்டி எப்போதும் ஆனில் விட்டால், சூரியன் உதிக்கும்போது டாங்க் ஏற்கெனவே சூடாக இருக்கும், சோலார் சும்மா நிற்கும். அதைப் பாதி உயரத்துக்கு மேலே மாட்டி, அதிகாலை இரண்டு மணிக்கு டைமர் வையுங்கள். ‘சோலார் போட்டும் பில் குறையல’ என்பதற்கு இதைவிட வழக்கமான காரணம் இல்லை.

11. ரப்பர் ஷீட் காய வைக்க இதைப் பயன்படுத்தலாமா?

குலசேகரம், கீரிப்பாறை பக்கத்தில் வெந்நீரைவிட இதற்குத்தான் அதிகப் பயன். புகைப்புரையில் முதல் நாள் 40, 45 டிகிரியும் பிறகு படிப்படியாக 60 வரையும் போதும், அதற்கு மேல் போனால் ஷீட்டில் குமிழி விழும். இந்த வெப்பநிலை கலெக்டருக்கு எளிது. 100 கிலோ உலர்ந்த ஷீட்டுக்கு 30, 40 கிலோ தண்ணீர் போக வேண்டும் என்றால் ஆவியாக மட்டும் 25 யூனிட். காற்றுவழியில் போவதையும் சேர்த்து மூன்று மடங்கு வையுங்கள். தண்ணீர் 65, 70 டிகிரியில் ஓடும்போது கலெக்டர் திறன் குறைந்து சதுர மீட்டருக்கு 2 யூனிட்தான் கிடைக்கும். ஆக நாளுக்கு 100 கிலோவுக்கு 35, 40 சதுர மீட்டர்.

விறகை முழுக்க நிறுத்திவிடாதீர்கள். புகைதான் பூஞ்சையைத் தடுக்கிறது. புகையில்லாமல் காய்ந்த ஷீட் வேறு தரமாகப் போகும், வாங்குகிறவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மரத்துக்கு ரெயின் கார்டு (மழைநீர் படாமல் பட்டையில் கட்டும் மறைப்பு) போடாத தோட்டத்தில் மழைநாளில் பால்வடிப்பும் நின்றுவிடும் என்பதால் வெயிலும் தேவையும் இங்கே தானாகவே ஒத்துப்போகின்றன. சேமிப்பு ஒரு ராத்திரிக்கு மட்டும் போதும்.

12. புத்தளம், சாமிதோப்பு உப்பளத்துல சோலார் பாண்ட் போடலாம்னு ஒருத்தர் சொன்னார். அது என்ன?

அடியில் கெட்டியான உப்புநீர், மேலே நல்ல தண்ணீர், நடுவே மெல்ல மாறும் அடுக்கு. அடிநீர் சூடானாலும் உப்புக் கனத்தால் மேலே வராது, சூடு அங்கேயே அடைபடும். குளமே கலெக்டர், குளமே சேமிப்பு. குஜராத்தின் புஜ்ஜில் 6,000 சதுர மீட்டரில் ஒன்று கட்டி, பக்கத்துப் பால் பண்ணைக்குச் சூடு கொடுத்தார்கள்.

நம் உப்பளத்தில் உப்பு மலிவு, அவ்வளவுதான் சாதகம். காற்று மேற்பரப்பை அலைக்கழித்து அடுக்கைக் கலைக்கும், பாசி வெயிலை மறிக்கும், அடியில் கசிந்தால் பக்கத்துக் கிணறுகள் உப்பாகும். சூட்டை வாங்க அருகில் ஆலையும் வேண்டும். அது இல்லாமல் குளத்தை மட்டும் கட்டி என்ன செய்வது?

13. அந்த கனடா குடியிருப்பை மூடிட்டாங்களாமே? அப்ப தோத்துப்போன டெக்னாலஜிதானே?

2-ம் பதிலில் சொன்ன டிரேக் லேண்டிங் 2024-ல் நிறுத்தப்பட்டு, வீடுகள் எரிவாயு ஹீட்டருக்கு மாறின. கலெக்டர்களும் மற்ற பாகங்களும் வயதாகிப் பழுதடைந்தன, மாற்றுப் பாகம் கிடைப்பது அரிதானது, 52 வீடு மட்டும் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை. சூட்டைச் சேமிக்கும் வேலையை அது செய்து காட்டியது, 2015-16 குளிர்காலத்தில் முழுத் தேவையும் வெயிலிலிருந்தே வந்தது. ஒரே ஒருவர் விற்கும் பாகத்தை வைத்துக் கட்டாதீர்கள், ஆண்டுப் பராமரிப்புச் செலவை முதல் நாளே பங்கு பிரித்து எழுதிவிடுங்கள் என்பதற்கு அது நல்ல எச்சரிக்கை.

14. இவ்வளவு பாடு எதுக்கு? கரண்ட் சோலார் போட்டு ஹீட் பம்ப் வச்சா போதாதா?

பல இடங்களில் போதும், லாட்ஜுக்கு இப்போது அதுதான் பொருத்தம் என்பது எங்கள் கருத்து. 24 சதுர மீட்டரில் மின்பேனல் போட்டால் நாளுக்கு சுமார் 19 யூனிட் கரண்ட் வரும். நம் வெதுவெதுப்பான காற்றில் ஹீட் பம்ப் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை யூனிட் சூடு கொடுக்கும், ஆக 66. அதே இடத்தில் வெந்நீர்க் கலெக்டர் 60 கொடுக்கும். கிட்டத்தட்ட சமம்தான். ஆனால் ஆள் வராத மாதத்தில் கலெக்டர் சும்மா கொதிக்கும், மின்பேனலோ ஃபேனுக்கும் ஏசிக்கும் ஓடும். ஹீட் பம்ப்பைக் காற்றோட்டமில்லாத அறைக்குள் வைத்தால் அது விடும் குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். கடலோரத்தில் அதன் அலுமினியத் தகடுகளும் அரிக்கும், பூச்சு போட்டதைக் கேட்டு வாங்குங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது எதுவும் வேண்டாம். பம்ப்பும் கரண்டும் இல்லாமல் தானாகச் சுற்றும் 100 லிட்டர் ஹீட்டரே போதும், டாங்க் உயரத்தை மட்டும் பார்த்து மாட்டச் சொல்லுங்கள்.